பெயர்ப் பலகை இல்லாத பிரிட்டிஷ் குட்டி காரை எப்படி அடையாளம் காண்பது?

நீங்கள் போட்டிருக்கும் படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். கறுப்பு வெள்ளை. பின்பக்கத்தில் பென்சிலால் ‘பிரெஸ்டன், 1957’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள் (பிரெஸ்டன் வடமேற்கு இங்கிலாந்தில் உள்ள ஊர்). நடைபாதை ஓரமாக ஒரு குட்டி கார் நிற்கிறது, அதன் வலப்பக்கம்தான் நமக்குத் தெரிகிறது. படத்தின் மூலை கிழிந்துவிட்டதால் காரின் மூக்கு இல்லை. கிழிசலுக்குச் சற்று முன்னால், வண்டியின் அடியில் நடுவாக ஒரே ஒரு டயர் தெரிகிறது. ஓட்டுநர் பக்கம் கதவு இல்லை. பின் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெண் குழந்தைத் தள்ளுவண்டியோடு நிற்கிறார். இதை இசெட்டா என்று சிலரும், மிஸ்டர் பீன் அடிக்கடி கவிழ்த்துவிட்டுப் போகும் வண்டி என்று சிலரும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் என்ன, அரிய வண்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: பெயரே தெரியாத ஒரு வண்டிக்கு ஆளாளுக்கு எதை வைத்துப் பெயர் சொல்கிறார்கள்? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

என்னைப் பற்றி ஒரு வரி. மெட்ராஸில் என்ஃபீல்டு ஷெர்பா மோட்டார் சைக்கிள்களைப் பிரித்து மாட்டித்தான் தொழில் கற்றேன். அதில் இருந்தது வில்லியர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் 173 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பிறகு பிழைப்புக்காக இங்கிலாந்து வந்து, பழைய வண்டிகளைச் சீர் செய்யும் ஒரு பட்டறையில் 17 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வந்த புதிதில் ஒரு மூன்று சக்கர வண்டியின் பானெட்டைத் தூக்கினால் உள்ளே ஷெர்பா இன்ஜினின் அண்ணன் உட்கார்ந்திருந்தான், அதே வில்லியர்ஸ். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

முதல் பாடமாக நான் கற்றது, முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது. முன் விளக்கு, கண்ணாடி, நிறம், பம்பர் எல்லாமே சொந்தக்காரர் மாற்றியிருக்கலாம். பெயர்ச் சின்னம் உடைந்து விழுந்திருக்கும், அல்லது பழைய சாமான் சந்தையில் வாங்கிய வேறு எதையாவது ஒட்டியிருப்பார்கள். எளிதில் மாற்ற முடியாதவை நான்கு: எத்தனை சக்கரம், ஒற்றைச் சக்கரம் முன்னாலா பின்னாலா, இன்ஜின் எங்கே, கதவு எங்கே. இந்த நான்கையும் கேட்டாலே பட்டியலில் முக்கால்வாசி அடிபட்டுப் போகும்.

சக்கரத்திலிருந்து தொடங்குவோம். இந்த வண்டிகளில் பல ஏன் மூன்று சக்கரத்தில் ஓடின? சட்டம்தான் காரணம். எட்டு ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது சுமார் 406 கிலோவுக்குக் கீழே எடை உள்ள மூன்று சக்கர வண்டியை, ரிவர்ஸ் கியர் இல்லாவிட்டால், அன்றைக்கு மோட்டார் சைக்கிள் லைசென்ஸிலேயே ஓட்டலாம். சாலை வரியும் விற்பனை வரியும் குறைவு. மோட்டார் சைக்கிளும் சைட்காரும் வைத்திருந்த குடும்பம், தலைக்கு மேல் ஒரு கூரை கிடைக்கிறதே என்று இதற்கு மாறியது. அப்புறம் சூயஸ் நெருக்கடி வந்தது, எகிப்தின் சூயஸ் கால்வாய் அடைபட்டு எண்ணெய் வரத்து குறைந்தது. 1956 டிசம்பர் முதல் 1957 மே வரை பெட்ரோலுக்கு ரேஷன். ரயில் இன்ஜின் கம்பெனி, கேரவன் கம்பெனி, டிராக்டர் கம்பெனி என்று பலரும் இந்தத் தொழிலில் இறங்கினார்கள். 1959இல் மினி என்ற மலிவான சிறிய நான்கு சக்கர கார் வந்தது. 1962 நவம்பரில் கார்களுக்கான விற்பனை வரியை 25 சதவீதமாகக் குறைத்து, மூன்று சக்கர வண்டிகளுக்கு இணையாக்கினார்கள். அத்தோடு இந்தக் கூட்டம் கலைந்தது. இந்த ஏழெட்டு ஆண்டு அவசரத்தில் பிறந்ததால்தான் இவ்வளவு பெயர்கள், இவ்வளவு குழப்பம்.

ஒற்றைச் சக்கரம் பின்னால் இருந்தால் அது ஒரு குடும்பம். பிரைட்டனில் பழைய ரயில் பட்டறையில் கட்டிய மூன்று சக்கர இசெட்டா, குரோய்டனில் டிரோஜன் கம்பெனி செய்த ஹைன்கல், லீட்ஸின் ஸ்கூட்டகார், மான் தீவின் பீல், வட அயர்லாந்தில் கட்டிய நோபல், பவர்டிரைவ், கரோனெட், டூரெட், பெர்க்லியின் டி60 எல்லாம் இதில் சேரும். ஒற்றைச் சக்கரம் முன்னால் இருந்தால் பாண்ட் மினிகார், ரிலையன்ட் ரீகல், ஏசி பெட்டீட், ஆலர்ட் கிளிப்பர், கார்டன், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு வண்டிகள். நான்கு சக்கரம் இருந்து பின் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நின்றால் ஃபிரிஸ்கி அல்லது ஆப்பர்மன் யூனிகார் பக்கம் போகலாம். பின் சக்கரங்களை நெருக்கி வைத்தால், வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் டிஃப்ரென்ஷியல் தேவையில்லை, ஒரு செயின் போதும். செலவு மிச்சம். (நான்கு சக்கர இசெட்டாவும் அப்படித்தான். ஜெர்மனியில் எடுத்த படங்களில் பார்க்கலாம்.)

உங்கள் படத்தில் முன்னால் ஒற்றை டயர். ஆகவே இசெட்டா இல்லை, இது உறுதி. ஆனால் இசெட்டா என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபமில்லை. இசெட்டாவின் ஒரே கதவு அதன் மூஞ்சியிலேயே இருக்கிறது, ஃபிரிட்ஜைத் திறப்பது போல முன்பக்கம் திறக்கும். பக்கவாட்டில் கதவு இருக்காது. பக்கத்தில் கதவு இல்லாத குட்டி கார் என்றதும் அந்த நினைவு வருவது இயல்பு. மிஸ்டர் பீன் விஷயமும் தவறுதான். அது ரிலையன்ட் ரீகல் சூப்பர்வேன், அந்த வடிவம் 1960களில் வந்தது. 1957இல் ஓடிய ரீகல் வேறு உருவம், இரு பக்கமும் கதவு உண்டு. போதாக்குறைக்கு ரீகலில் இருந்தது 747 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின். மைக்ரோகார் என்றால் மிகச் சிறிய இன்ஜின் உள்ள குட்டி கார். ரீகலை அப்படிச் சொன்னால் பழைய வண்டி கிளப்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இனி இன்ஜினும் கதவும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. இவ்வளவு சின்ன வண்டியில் இன்ஜினை எங்கே திணித்தார்களோ, அந்தப் பக்கம் ஆள் நுழைய முடியாது. ஸ்கூட்டகாரை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸில் ரயில் இன்ஜின் செய்துகொண்டிருந்த ஹன்ஸ்லெட் கம்பெனியின் பிள்ளை அது. ஓட்டுநர் 197 சிசி வில்லியர்ஸ் இன்ஜினுக்கு மேலேயே குதிரையில் உட்காருவது போல உட்கார்ந்து, ஸ்டியரிங் வட்டத்துக்குப் பதிலாக ஹேண்டில்பாரைப் பிடிப்பார். அதனால்தான் அது டெலிபோன் பூத்துக்குச் சக்கரம் வைத்தது மாதிரி ஒல்லியாக, உயரமாக இருக்கும். ஒருவரை இன்ஜின் மேல் உட்கார வைத்து, அவரைச் சுற்றிச் சுவரில் கோடு போட்டே உடம்பை வரைந்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வண்டியைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

பாண்ட் மினிகாரில் இன்ஜின் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். இதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் புரியும். பானெட்டைத் தூக்கிவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னால், சக்கரத்தோடு இன்ஜின், கார்புரேட்டர், சைலென்ஸர் எல்லாம் கூண்டோடு திரும்பும். மார்க் சி என்ற பதிப்பிலிருந்து (பாண்டின் ஒவ்வொரு புதுப் பதிப்பும் ஒரு ‘மார்க்’) அது இடப்பக்கம் 90 பாகை, வலப்பக்கம் 90 பாகை வரை போகும். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொள்ளும். ரிவர்ஸ் கியர் இல்லாத குறையை அப்படித் தீர்த்தார்கள். ஸ்டார்ட்டர் மக்கர் செய்தால் பானெட்டைத் திறந்து உள்ளே காலை விட்டு, மோட்டார் சைக்கிள் போலக் கிக்கரை உதைக்க வேண்டியதுதான். எங்கள் பட்டறை வாசலில் ஒருவர் கோட்டும் டையும் அணிந்து, ஒரு காலைக் காருக்குள் விட்டுக்கொண்டு உதைத்த காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது.

பாண்ட் மினிகார் பிரெஸ்டனில் ஷார்ப்ஸ் கமர்ஷியல்ஸ் கம்பெனியில் 1949 முதல் 1966 வரை உருவானது. வடிவமைத்தவர் லாரி பாண்ட். முதலில் வந்த மார்க் ஏ-யில் 122 சிசி இன்ஜின். கதவு கிடையாது, தாழ்ந்த ஓரத்தைத் தாண்டிக் காலை வைத்து ஏற வேண்டும். பின் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்கும் கிடையாது, டயரில் இருக்கும் காற்றுதான் ஸ்பிரிங். 1952இன் கடைசியில் வந்த மார்க் சி-க்குத்தான் பார்வைக்கு ஒரு காரின் லட்சணம் வந்தது. முன்னால் சக்கரமே இல்லாத இடத்தில் இரண்டு போலி மட்கார்டு, நடுவே ஒரு கிரில். உங்கள் படத்துக்குத் தேவையான செய்தி இனிமேல்தான்: மார்க் சி-க்கும், 1956இல் வந்த மார்க் டி-க்கும் கதவு ஒன்றுதான், அதுவும் இடப்பக்கம். ஓட்டுநர் நடைபாதைப் பக்கமாக ஏறி, நகர்ந்து, வலப்பக்கம் போய் உட்காருவார். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் கதவில்லாத வெறும் தகடுதான் தெரியும்.

அப்படியானால் பாண்ட்தானே, ஊரும் பிரெஸ்டன்தானே என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். இதே வர்ணனைக்குப் பொருந்தும் இன்னொரு வண்டி இருக்கிறது. பெயர் கார்டன். 1954 முதல் 1958 வரை, பர்கன்ஹெட் பக்கம் பிட்ஸ்டனில் வெர்னன்ஸ் இண்டஸ்ட்ரீஸ் செய்தது. கால்பந்துப் பந்தயச் சீட்டு நடத்திய அதே வெர்னன்ஸ். இதுவும் மூன்று சக்கரம், ஒற்றைச் சக்கரம் முன்னால், இன்ஜின் அதே 197 சிசி வில்லியர்ஸ். ஆனால் இன்ஜினை முன்னாலும் வைக்காமல் பின்னாலும் வைக்காமல் ஓட்டுநரின் வலப்பக்கம், உடம்புக்கு வெளியே தொங்கவிட்டு, ஒரு செயினால் ஒரே பின் சக்கரத்தை மட்டும் ஓட்டினார்கள். இன்ஜினை மூட ஒரு புடைப்பு. அந்தப் பக்கம் கதவு வைக்க இடமில்லாததால் கதவு இடப்பக்கம் மட்டும். விலை குறைவு என்பதே அதன் ஒரே பெருமை. என் சொந்த அபிப்பிராயம், அதில் சிக்கனத்தைத் தவிர வேறு சிந்தனையே இல்லை. ஆனாலும் இன்றைக்குக் கண்ணில் பட்டால் நின்று வணங்கிவிட்டுத்தான் போவேன், அவ்வளவு அரிது.

அந்தப் புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் உங்கள் படத்தில் தள்ளுவண்டி நிற்கிறது! கிரில் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றால் மூக்கைக் கிழிசல் கொண்டுபோய்விட்டது.

ஊர்ப் பெயரை எவ்வளவு நம்பலாம்? கொஞ்சம்தான். பிரெஸ்டனில் எடுத்த படத்தில் பிரெஸ்டன் வண்டி இருப்பதற்கு வாய்ப்பு கூடுதல், அவ்வளவே. பிட்ஸ்டன் அங்கிருந்து வெகு தூரமில்லை, கார்டன் ஒன்று பிரெஸ்டன் தெருவில் நின்றால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்பர் பிளேட் தெரிந்திருந்தாலும் இதே கதைதான். அந்தக் காலத்து பிளேட்டில் ஊருக்கான எழுத்துகள் இருக்கும். பிரெஸ்டனுக்கு சி.கே., பர்கன்ஹெட்டுக்கு பி.ஜி. அல்லது சி.எம்., மான் தீவுக்கு எம்.என். ஆனால் அவை வண்டியை முதலில் எங்கே பதிவு செய்தார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, எங்கே கட்டினார்கள் என்பதைச் சொல்லாது. பழைய எண்ணைத் தொலைத்த வண்டிக்கு, அதன் வயதுக்குப் பொருந்தும் வேறு எண்ணைப் பிற்காலத்தில் கொடுப்பதும் உண்டு.

என் தீர்ப்பை எண்ணிக்கை வைத்துச் சொல்கிறேன். பாண்ட் மினிகார் எல்லா மார்க்கும் சேர்த்து 24,000க்கு மேல் செய்தார்கள். கார்டன் அதன் பக்கத்திலேயே வராது. ஆகவே 1957இல் பிரெஸ்டனில் நின்ற, வலப்பக்கம் கதவில்லாத, முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டி பெரும்பாலும் பாண்ட் மார்க் சி அல்லது டி. கார்டனாக இருக்கச் சிறிய வாய்ப்பு உண்டு, அதை இந்தப் படத்தை வைத்து நான் தள்ளிவிட மாட்டேன். சி-யா டி-யா என்று கேட்டால், இந்தக் கோணத்தில் யாராலும் சொல்ல முடியாது என்பது என் கருத்து. மின்சாரம் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறியது போன்ற உள் மாற்றங்கள் படத்தில் தெரியாது. உறுதியாகச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் சந்தேகப்படுங்கள்.

இங்கே ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், நானே விழுந்தது. இன்ஜினை வைத்து வண்டியை அடையாளம் காண முயலக் கூடாது. வுல்வர்ஹாம்ப்டனின் வில்லியர்ஸ் எல்லாருக்கும் இன்ஜின் விற்றது. பாண்ட், கார்டன், ஸ்கூட்டகார் மூன்றிலும் 197 சிசி. ஃபிரிஸ்கியில் 324 சிசி இரட்டைச் சிலிண்டர். இதே 197 சிசி எத்தனையோ மோட்டார் சைக்கிள்களிலும் இருந்தது. ஸ்கூட்டகார் இன்ஜின் என்று நம்பி ஒன்றை வாங்கிவந்து, மண்ணெண்ணெய் ஊற்றி அழுக்கைத் துடைத்துப் பார்த்தால், எண்ணுக்கு முன்னால் வேறு குறியீடு. வில்லியர்ஸ் இன்ஜின் எண்ணில் முதலில் வரும் இலக்கமும் எழுத்தும், எந்த வகை இன்ஜின், எந்தக் கம்பெனிக்காகச் செய்தது என்பதைக் காட்டும். என்னிடம் வந்தது ஏதோ மோட்டார் சைக்கிளில் ஓடிய இன்ஜின். விற்றவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் தெரியாது.

வடிவமைத்தவரின் கையை வைத்துச் சொல்வதும் அப்படித்தான். லாரி பாண்ட் தன் பெயரில் வந்த வண்டியோடு நிற்கவில்லை. பிகிள்ஸ்வேடில் கேரவன் செய்துகொண்டிருந்த பெர்க்லி கம்பெனிக்கு ஃபைபர் உடம்பில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வரைந்து கொடுத்தார். ஆப்பர்மனுக்கு யூனிகார் வரைந்ததும் அவர்தான். ஒரே தச்சர் மூன்று வீட்டுக்கு வாசற்கால் செய்தது போல. வேறு நாட்டு வடிவத்தை உரிமம் வாங்கிச் செய்தவர்களும் உண்டு: ஜெர்மனியின் ஃபுல்டாமொபில் பிரிட்டனில் நோபல் 200 ஆனது, கிரேக்கத்தில் அட்டிகா ஆனது. ஏதென்ஸ் தெருவில் எடுத்த அட்டிகா படத்தை யாராவது பிரிட்டிஷ் நோபல் என்று போட்டால், பின்னணியில் இருக்கும் கடைப் பலகையைப் படிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அரிதா என்ற கேள்விக்கு வருகிறேன். பாண்ட் அரிய வண்டி இல்லை, மறக்கப்பட்ட வண்டி. இரண்டும் ஒன்றில்லை. உண்மையில் அரிது என்றால் ஆலர்ட் கிளிப்பர் போன்றவை, சுமார் 20தான் செய்தார்கள். பீல் பி50 சுமார் 50. மான் தீவில் 1962 முதல் 1965 வரை செய்த அந்த வண்டிக்கு 137 சென்டிமீட்டர் நீளம், ஜெர்மனியின் டிகேடபிள்யூ கம்பெனி செய்த 49 சிசி இன்ஜின், ஒரே ஒரு ஹெட்லைட். ரிவர்ஸ் இல்லை, பின்னால் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கித் திருப்பிக்கொள்ளலாம், எடை 59 கிலோதான். 2013இல் அமெரிக்க ஏலம் ஒன்றில் ஒரு பி50 ஒரு லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு மேல் போனது. அந்த விலைக்குப் பிறகு எல்லாருக்கும் தங்கள் வீட்டுக் கொட்டகையில் பீல் இருப்பதாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. புதிதாகச் செய்து விற்கும் நகல்களும் இப்போது உண்டு. எனவே பளபளப்பான வண்ணப் படத்தில் பி50 தெரிந்தால், அது நகல் என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு வகை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் செய்தார்கள், இன்றைக்குத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு கொடுத்த இன்வாகார் வகை வண்டிகள். வெளிர் நீல நிறம், ஒற்றை இருக்கை. அவை யாருக்கும் சொந்தமில்லை, அரசின் சொத்து. 2003 மார்ச் 31க்குப் பிறகு சாலையில் ஓட்டக் கூடாது என்று தடை வந்ததும் திரும்ப வாங்கி நொறுக்கினார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலம் தெரியாததால் இவற்றை ஏதோ பெயர் தெரியாத மைக்ரோகார் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உங்கள் படத்தில் கண்ணாடி வழியாக இரண்டு பேர் உட்காரும் நீள இருக்கையின் முதுகு தெரிகிறது, அதனால் இந்தச் சந்தேகம் நமக்கு வேண்டாம்.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஃபோனில் எடுத்த படத்தை விட்டுவிட்டு, மூலப் படத்தை நல்ல ஸ்கேனரில் 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தள்ளுவண்டியின் சக்கரம் பெரியது, ஆரங்களுக்கு நடுவே பின்னால் இருப்பது தெரிய வேண்டும். காரின் வலப் பக்கத் தகடு ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின் மட்கார்டு வரை ஒரே சீராகப் போகிறதா, அல்லது மட்கார்டுக்கு முன்னால் ஒரு பெட்டி போலப் பிதுங்கி நிற்கிறதா என்று அந்த ஆரங்களுக்கு நடுவே பாருங்கள். சீராகப் போனால் பாண்ட் என்று எழுதிக்கொள்ளலாம். பிதுங்கினால் ரெஜிஸ்டர் ஆஃப் அன்யூசுவல் மைக்ரோகார்ஸ் என்ற இங்கிலாந்துக் குழுவுக்கு அந்த ஸ்கேனை அனுப்புங்கள், எனக்கும் ஒரு பிரதி. அதே ஃபிலிம் சுருளில் எடுத்த வேறு படங்கள் ஆல்பத்தில் இருந்தால் அவற்றையும் எடுத்துப் பாருங்கள். தள்ளுவண்டிக்காரப் பெண் அடுத்த படத்துக்குள் இரண்டடி நகர்ந்திருக்கலாம்.